ஒரு கிலோ சால்மனுக்கு எத்தனை கிலோ சூடை?

ஒரு வாசகரின் கேள்வி, 10 பெப்ரவரி 2024

கடலில் மீன் குறைந்துகொண்டு போவதால், கூண்டில் வளர்த்த சால்மனை வாங்கினால் கடல் மீனுக்கு ஓய்வு கிடைக்கும் என்று என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நோர்வேயில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இது சரியா?

10 பெப்ரவரி 2024, இரவு

சரியில்லை. சால்மன் புல் மேய்வதில்லை. ஒரு கிலோ சால்மன் வளர ஐந்து கிலோ சிறு மீனைக் கடலில் இருந்து அள்ளி அரைத்துப் போடுகிறார்கள். ஓய்வு கிடைப்பது எந்தக் கடலுக்கு என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

1989 இல் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் சேர்ந்தேன். எண்பதுகளில் வடக்கே வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் பலருக்கும் முதல் வேலை அதுதான்: கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில் கொட் மீனின் சதையைப் பரப்பி, முள்ளையும் புழுவையும் தேடி எடுப்பது. பத்து வருடத்துக்குப் பிறகு மேற்குக் கரையில் ஒரு சால்மன் அறுக்கும் ஆலைக்கு மாறி, மணிக்கட்டு ஒத்துழைக்க மறுக்கும் வரையில் பதினான்கு வருடம் அங்கே நின்றேன். ஆலையின் படகுத்துறையில் தீவன மூட்டை இறக்கும் நாளில் எழும் மணம், ஊரில் கருவாடு காயப்போட்ட கடற்கரையின் மணம். அந்த மணத்தை வைத்துத்தான் மேலே உள்ளதை எழுதினேன்.

12 பெப்ரவரி 2024

‘ஐந்து கிலோ’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது நான் நோர்வேக்கு வந்த காலத்தில் கேட்டுப் பழகிய கணக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவனத்தில் பத்தில் ஒன்பது பங்கு மீன்தூளும் மீனெண்ணெயுமாகவே இருந்தது. 2020 இல் நோர்வேயில் பயன்படுத்திய தீவனத்தை நொபிமா ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுத்தபோது, மீன்தூள் 12.1 சதவீதமாகவும் மீனெண்ணெய் 10.3 சதவீதமாகவும் இறங்கியிருந்தன. மீதி பெரும்பாலும் தாவரம். சோயாப்புரதம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு.

சமையலறை மேசையில் இருந்து புதிதாகக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ சால்மனுக்கு ஏறத்தாழ 1.25 கிலோ தீவனம் என்று வைத்துக்கொண்டால், அதில் மீனெண்ணெய் சுமார் 130 கிராம், மீன்தூள் சுமார் 150 கிராம். நூறு கிலோ சிறு மீனை ஆலையில் போட்டால் ஏறத்தாழ 22 கிலோ தூளும் 5 கிலோ எண்ணெயும் வரும் என்பது இத்தொழிலின் பொதுக்கணக்கு. ஆகவே 130 கிராம் எண்ணெய்க்கு 2.6 கிலோ மீன் வேண்டும். 150 கிராம் தூளுக்கோ 700 கிராம் மீனே போதும். இரண்டையும் கூட்டக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் பிழிந்த அதே மீனில் இருந்துதான் தூளும் வருகிறது. (முதலில் கூட்டிவிட்டு, கணவர் சிரித்த பிறகுதான் அழித்தேன்.)

நிறுவனங்கள் தூளையும் எண்ணெயையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்து ஒரு கிலோ என்றும், தலை, முள், குடல் போன்ற கழிவில் இருந்து வந்த பங்கை நீக்கி ஒன்றுக்கும் குறைவு என்றும் சொல்லும். எதிர்ப்பவர்கள் எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டு 2.6 என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் கடலில் எத்தனை மீன் பிடிபட வேண்டும் என்று கேட்டால், தட்டுப்பாடான பொருள் எண்ணெய் என்பதால், எண்ணெய்க் கணக்கே உண்மைக்கு நெருக்கம் என்று நினைக்கிறேன். தூள் மிஞ்சினால் கோழிக்கும் இறாலுக்கும் போய்விடும்.

18 பெப்ரவரி 2024

தீவனத்துக்கு அரைப்பது எந்த மீன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெருவின் நெத்தலி, வட அத்திலாந்திக்கின் நீல வைற்றிங், ஹெரிங். இவற்றோடு மேற்கு ஆபிரிக்காவின் சார்டினெல்லா. இந்தக் கடைசிப் பெயரைப் பல வருடம் வெறும் பெயராகவே வாசித்து வந்தேன். பிறகு ஒரு நாள் செனகல் கடற்கரையில் எடுத்த ஒரு படத்தில் பெண்கள் குந்தியிருந்து கூடையில் மீனைத் தரம் பிரிப்பதைப் பார்த்தபோது, அது எங்கள் சூடை என்று கண் சொன்னது. அதே வெள்ளி வயிறு, அதே மெல்லிய செதில். இனம் வேறு, குடும்பம் ஒன்றுதான்.

மொரிட்டானியா, செனகல், கம்பியா ஆகிய மூன்று நாட்டுக் கரையிலும் இது ஏழைகளின் மீன். ஆண்கள் நீண்ட மரப்படகில் பிடித்து வருவார்கள், பெண்கள் வாங்கிப் புகையிட்டும் உப்பிட்டும் உலர்த்தி உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்புவார்கள். மீன்தூள் ஆலை வந்த இடத்தில், ஆலை கரையிலேயே மொத்தமாக வாங்கிவிடுவதால், அந்தப் பெண்கள் கூடையோடு காத்து நின்று வெறுங்கையோடு திரும்புகிறார்கள். 2021 இல் கிறீன்பீஸ் ஆபிரிக்கா அமைப்பும் சேஞ்சிங் மார்க்கெட்ஸ் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அப்பிராந்தியத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மீன் தூளாகவும் எண்ணெயாகவும் மாறுகிறது, அது 3 கோடியே 30 இலட்சம் பேருக்கு உணவாகியிருக்கும் என்று சொல்கிறது. சார்டினெல்லா அங்கே அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் சொல்லியிருக்கிறது.

கம்பியாவில் குஞ்சூர் என்ற ஊரில் ஆலை தொடங்கி அதிக காலம் போகாமல், 2017 மே மாதத்தில், பக்கத்துக் களப்பின் நீர் சிவந்து மீன் செத்து மிதந்தது. அரசின் சுற்றாடல் நிறுவனம் வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே 25,000 டொலருக்கு முடித்துக்கொண்டது.

19 பெப்ரவரி 2024

நேற்றைய குறிப்பை வாசித்தவர்கள், குஞ்சூரில் அரைத்தது நேரே நோர்வேக் கூண்டுக்கு வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தூள் பெரும்பாலும் சீனா போன்ற நாடுகளுக்கும், எண்ணெயில் பெரும் பங்கு ஐரோப்பாவுக்கும் போகிறது. நோர்வேயின் தீவன நிறுவனங்களில் சில மொரிட்டானியா எண்ணெயை வாங்கியதை அவற்றின் அறிக்கைகளே காட்டுகின்றன. ஒரு கூண்டுக்கும் ஒரு களப்புக்கும் இடையே கோடு இழுக்க என்னால் முடியாது. அப்படி இழுக்க முடியாமல் இருப்பதுதான் இந்தச் சங்கிலியின் வசதி என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

2 மார்ச் 2024

சிரிக்க ஒன்று. வளர்ப்புச் சால்மனின் நிறம் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமியில் இருந்து வருகிறது. காட்டுச் சால்மன் அதைக் கடலில் தின்னும் சிற்றிறால்களில் இருந்து பெறுகிறது. நிறமியைச் சேர்க்காவிட்டால் சதை சாம்பல் கலந்த வெளிறலாக இருக்கும். எங்கள் ஆலையில் 20 தொடக்கம் 34 வரை இலக்கமிட்ட, விசிறி போல விரியும் ஓர் அட்டை தொங்கியது. மேற்பார்வையாளர் சதையின் மேல் அதை விரித்து, ‘இருபத்தாறு’ என்பார். வீட்டுக்குப் பெயின்ற் வாங்கப் போன கடையிலும் அதே மாதிரி அட்டையைக் கண்டு, வரவேற்பறைக்கு இருபத்தாறு அடிக்கலாமா என்று கேட்டுக் கணவரிடம் பேச்சு வாங்கினேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஊரில் தகரத்தில் அடைத்து வந்த மீனைச் ‘சமன் ரின்’ என்று ஆசையாக உடைத்துச் சம்பலோடு தின்றோமே, அதற்குள் சால்மன் ஒருநாளும் இருந்ததில்லை. பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை. சால்மனைத் தின்னாமலேயே சால்மன் என்று தின்ற பரம்பரை நாங்கள்.

17 மார்ச் 2024

மீன் நலம் பற்றிய ஆண்டறிக்கையை நோர்வேயின் கால்நடை மருத்துவ நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. 2023 இல் கடலில் இருந்த கூண்டுகளில் மட்டும் 6 கோடியே 28 இலட்சம் சால்மன் செத்திருக்கின்றன, 16.7 சதவீதம். ஆறு மாட்டில் ஒன்று தொழுவத்திலேயே சாகும் பண்ணையை யாராவது நடத்தவிடுவார்களா?

காரணங்களில் முன்னிற்பது பேன். கடற்பேன் மீனின் தோலையும் சளியையும் தின்னும். சட்டப்படி ஒரு மீனுக்கு முதிர்ந்த பெண் பேன் சராசரி 0.5 ஐத் தாண்டக் கூடாது, காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றில் இருந்து கடலுக்கு இறங்கும் இளவேனிற் காலத்தில் 0.2. கூண்டில் சில மீன்களை எடுத்து மயக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பேன் எண்ணுவதைப் பார்க்கும்போது, வாசற்படியில் இருத்தி அம்மா ஈர் பார்த்த காட்சிதான் எனக்கு வரும். எல்லை தாண்டினால் பேன் போக்க வேண்டும். மருந்துக்குப் பேன் பழகிவிட்டதால் இப்போது மீனைக் குழாயில் உறிஞ்சி, 34 பாகை வரையிலான வெந்நீரில் அரை நிமிடம் அளவுக்கு ஓடவிடுகிறார்கள், அல்லது நீரைப் பீய்ச்சியும் தூரிகையால் தேய்த்தும் கழுவுகிறார்கள். ஐந்தாறு பாகைக் கடலில் நின்ற மீனுக்கு அந்த வெந்நீர் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம்; மீன் தலையைச் சுவரில் மோதும். செதில் உரிந்த இடத்தில் குளிர்காலத்துப் பக்டீரியா புகுந்து குழி விழுந்த புண்ணாகும். எங்கள் பட்டறையில் வந்து விழுந்த மீன்களில் விலா எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருந்தவற்றை நான் கையால் ஒதுக்கியிருக்கிறேன்.

பேனைத் தின்னவென்று கூண்டுக்குள் விடும் துப்புரவு மீன்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் விடுகிறார்கள், பெரும்பாலானவை உயிரோடு திரும்புவதில்லை.

செத்த மீன் என்ன ஆகிறது என்று கேட்டவருக்கு: நாள்தோறும் கூண்டின் அடியில் இருந்து உறிஞ்சி எடுத்து, அரைத்து, போமிக் அமிலம் கலந்து தொட்டியில் விடுவார்கள். கூழ் போல இருக்கும். எரிவாயு ஆலைக்கும், சில விலங்குகளின் தீவனத்துக்கும் போகும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற நாளில் நான் மதியம் சாப்பிடவில்லை.

18 மார்ச் 2024

பேனை மட்டும் குற்றம் சொன்னது போதாது. பேன் போக்கும்போது ஏற்படும் காயத்தோடு செவுள் நோயும் இதய நோயும் அதே அறிக்கையில் உள்ளன. சென்ற இலையுதிர் காலத்தில் வட நோர்வேயில் சரம்சரமாக வந்த ஒரு ஜெலி மீனும் கூண்டு மீனைச் சுட்டுக் கொன்றது.

7 ஏப்ரல் 2024

சோயா பற்றிச் சுருக்கமாக. நோர்வேச் சால்மனின் சோயாப்புரதம் பெரும்பாலும் பிரேசிலில் இருந்து வருகிறது. காடழிப்புப் பற்றிய கூச்சல் எழுந்த பிறகு, 2021 இல் அதை வழங்கும் நிறுவனங்கள், 2020 ஓகஸ்டுக்குப் பிறகு காடழித்த நிலத்துச் சோயாவைத் தொடுவதில்லை என்று உறுதியளித்தன. இந்த ஒரு விடயத்தில் மாட்டிறைச்சித் தொழிலை விட இவர்கள் முன்னால் நிற்கிறார்கள். ஆனாலும் சால்மனின் காபன் சுமையில் நான்கில் மூன்று பங்கு தீவனத்தில் இருந்தே வருகிறது.

21 ஏப்ரல் 2024

இந்தத் தொழில் சமூகத்தை என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு ஆபிரிக்காவை மட்டும் எழுதிவிட்டேன். எங்களையும் எழுத வேண்டும்.

நான் சேர்ந்தபோது பட்டறையில் பாதி உள்ளூர்ப் பெண்கள், பாதி நாங்கள். போகும்போது என் இரு பக்கமும் போலந்து, லித்துவேனியா ஆட்கள் நின்றார்கள், அவர்களில் பலர் ஆள் வழங்கும் நிறுவனத்தின் மூலம் சில மாதத்துக்கு வந்து, ஆறு பேர் ஒரு வீட்டில் தங்கி, வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். குளிர் நான்கு பாகை, தரை எப்போதும் ஈரம், நிமிடத்துக்கு இத்தனை மீன் என்று, மீனைக் கொண்டுவரும் பட்டி ஓடும். வலது மணிக்கட்டு வீங்கியபோது ஆலை எனக்குத் தந்தது ஒரு கட்டும், இடது கையால் செய்யக்கூடிய வேலையும். இரண்டு வருடத்தில் இடது கையும் போனது. தொழிற்சங்கம் இருந்ததால் ஓய்வூதியம் கிடைத்தது. ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்னும் ஒரு முடிச்சு. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பச்சைச் சால்மனை முழுதாக அனுப்பினால் ஒன்றியம் விதிக்கும் தீர்வை 2 சதவீதம், புகையிட்டு அனுப்பினால் 13 சதவீதம். ஆகவே மீன் முழுதாகவே லொறியில் ஏறிப் போலந்துக்குப் போய், அங்கே குறைந்த கூலியில் முள் நீக்கி, புகையிட்டு, மேற்கு ஐரோப்பிய அங்காடிக்குப் போகிறது. புண் விழுந்த மீனை முழுதாக அனுப்பச் சட்டம் இடம்தராது. நோர்வேயிலேயே வெட்டிச் சீர்செய்த பிறகுதான் அனுப்பலாம். அதனால் புண் அதிகமான வருடத்தில் எங்களுக்கு மேலதிக வேலை இருந்தது. மீன் நோவுற்றால் எங்களுக்கு ஓவர்டைம். அப்போது நான் அதைக் குறை சொன்னதில்லை.

12 மே 2024

‘சிலி மோசம், நோர்வே நல்லது’ என்று எழுதியவருக்குப் பாதிச் சம்மதம். 1987 இல் நோர்வேக் கூண்டுகளில் 48 தொன் நுண்ணுயிர்க்கொல்லி போனது. தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகியும், இன்று ஒரு தொன்னுக்கும் குறைவு. இது உண்மையான சாதனை. சிலியில் 2014 இல் 563 தொன். பின்னர் குறைந்தாலும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான தொன்தான்.

ஆனால் சிலியில் கூண்டு வைத்திருக்கும் நிறுவனங்களில் சில நோர்வேயினுடையவை என்பதை மறந்துவிடக் கூடாது. 2016 இல் அங்கே பாசி பெருகி ஏறத்தாழ 40,000 தொன் சால்மன் மூச்சுத் திணறிச் செத்தது. அழுகியதில் 4,000 தொன்னுக்கு மேல், அதிகாரிகளின் அனுமதியோடு, சிலோயே தீவுக்கு அப்பால் கடலில் கொட்டப்பட்டது. அடுத்து நச்சுச் செம்பாசி வந்து, சிப்பி எடுத்துப் பிழைத்த மக்களின் தொழில் நின்றது. மே மாதத்தில் அவர்கள் டயர் எரித்துத் தீவின் வீதிகளை மறித்தார்கள். கொட்டிய மீன்தான் செம்பாசியை வரவழைத்ததா என்பதில் அறிவியலாளர்கள் ஒருமனப்படவில்லை. அனுமதித்த விதத்தில் அதிகாரிகள் தவறினார்கள் என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

24 ஜூன் 2024

நேற்று முதல் நோர்வேயில் 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை. திரும்பி வரும் மீன் அவ்வளவுக்குக் குறைந்துவிட்டது. கூண்டுகளில் ஏறக்குறைய 40 கோடி சால்மன் நிற்கும் நாட்டில், ஆற்றுக்கு வருவது சில இலட்சம் மட்டுமே. 2021 இல் காட்டுச் சால்மன், ஆபத்திலுள்ள இனங்களின் செம்பட்டியலில், அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக ஏறியது. கூண்டுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வடக்கே தானா ஆற்றில், அப்பகுதியின் பழங்குடியினரான சாமி மக்கள் 2021 முதல் வலை போடவில்லை. அதுவும் இதே கதைதான்.

27 ஜூன் 2024

‘இதே கதைதான்’ என்றது தவறு. பின்மார்க்கில் பத்து வருடம் இருந்தவள் நான் இதை எழுதியிருக்கக் கூடாது. தானா ஆற்றின் சரிவுக்கு, பெருங்கடலில் மீன் பிழைப்பது குறைந்ததும் முன்பு அளவுக்கு மேல் பிடித்ததும் முதன்மையான காரணங்கள். கூண்டு அங்கே தலைமைக் குற்றவாளி அல்ல. மேற்குக் கரையின் ஆறுகள் வேறு: அங்கே பேனும், தப்பியோடிய வளர்ப்பு மீன் காட்டு மீனோடு கலப்பதும் மனிதரால் வந்த மிகப் பெரிய அச்சுறுத்தல்கள் என்று நோர்வேயின் சால்மன் அறிவியற்குழு ஆண்டுதோறும் எழுதி வருகிறது. நாற்பது ஆறுகளில் இருந்து எடுத்துத் தலைமுறை தலைமுறையாக வேகமாக வளரத் தெரிந்தெடுத்த மீன் அது. ஆற்றில் பிழைக்கும் சாமர்த்தியம் அதற்கு இல்லை, ஆனால் இனம் கலக்க வல்லது. 2023 இல் ஐஸ்லாந்தில் ஒரு கூண்டில் இருந்து ஏறத்தாழ 3,500 மீன் தப்பியபோது, நோர்வேயில் இருந்து சுழியோடிகளை அழைத்து ஒவ்வோர் ஆற்றிலும் இறங்கி ஈட்டியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது.

4 ஓகஸ்ட் 2024

மேலே எழுதியவற்றை மீண்டும் வாசித்தேன். ஒருபக்கச் சாய்வு தெரிகிறது. 1970 இல் ஹீத்ரா தீவில் குறொந்வெத் சகோதரர்கள் எட்டுக்கோணக் கூண்டில் 20,000 குஞ்சுகளை விட்டபோது, அந்தக் கரை காலியாகிக்கொண்டிருந்தது. இன்று அதே போன்ற தீவுகளில் பள்ளிக்கூடம் திறந்திருப்பது இந்தத் தொழிலால்தான். என் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில் படித்தார்கள். 2022 செப்டம்பரில் அரசு சால்மன் வளர்ப்பின் மேல் 40 சதவீத வள வரியை அறிவித்தபோது கரையெல்லாம் கொந்தளித்தது. கடைசியில் 25 சதவீதமாகக் குறைத்தே 2023 மே மாதம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த வரி விவாதம் முழுவதும், பியோர்ட் (மலைகளுக்கு இடையே உட்புகுந்த கடல்) பொதுச் சொத்து, அதை ஆள்பவர் விலை கொடுக்க வேண்டும் என்றே நடந்தது. செனகலின் கடலும் யாரோ ஒருவரின் பொதுச் சொத்து என்ற வாக்கியம் அதில் எங்கும் வரவில்லை.

10 நவம்பர் 2024

முதற்கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, ‘நீங்கள் சாப்பிடுகிறீர்களா?’ என்கிறார். சாப்பிடுகிறேன். கடையில் முள் நீக்கிய துண்டு வாங்குவதில்லை. தலையும் நடுமுள்ளும் மலிவாகக் கிடைக்கும், பழப்புளி விட்டுக் குழம்பு வைக்கிறேன். இது கொள்கை அல்ல, பழக்கம். அதை வைத்து எனக்கு நற்சான்று எழுத வேண்டாம்.

உங்கள் மகள் என் 2.6 கிலோக் கணக்கை வகுப்பில் காட்டப்போவதாகச் சொன்னீர்கள். அருகில் ‘2020 தீவனம்’ என்று எழுதச் சொல்லுங்கள். 5 சதவீத எண்ணெய் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2023 இல் கடல்நீரைச் சூடாக்கும் எல்நினோ வந்து பெருவில் நெத்தலியின் முதற்பருவமே ரத்தானது. இரண்டாம் பருவத்தில் பிடித்த மீன் மெலிந்திருந்ததால் எண்ணெய் மிகக் குறைவாக வந்து, விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. விளைச்சல் 3 சதவீதத்துக்கு இறங்கினால் அதே 130 கிராம் எண்ணெய்க்கு 4.3 கிலோ மீன் வேண்டும். நான் முதல்நாள் கோபத்தில் எழுதிய ஐந்து அவ்வளவு தூரத்தில் இல்லை. ஆனாலும் அந்த ஐந்தை வகுப்பில் காட்ட வேண்டாம், அது கணக்குப் போட்டு வந்ததல்ல.